லாட்ஜுக்கு ரக்பி வந்த நாலு நாள்

லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், சாவி கொடுக்கிற வேலையைவிட ஆளைக் கணிக்கிற வேலைதான் அதிகம். இஸ்திரி கலையாத சட்டையும் கனமான பையும் வந்தால் மருந்துக் கம்பெனி ரெப். கையில் மஞ்சள் பையும் அதற்குள் மனுவும் இருந்தால் கலெக்டர் ஆபீஸ். தலையில் எண்ணெயும் தோளில் ஈரத் துண்டுமாக வந்தால் ஒகேனக்கல். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் லாட்ஜில் பதினோரு வருஷமாக இந்தக் கணிப்பில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அந்த நாலு நாள் மட்டும் ஒன்றுகூடத் தேறவில்லை. இதே மாதிரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது இருந்தால், படித்துவிட்டு ஆறுதல் அடையுங்கள்.

பக்தி குரூப்

ஊருக்கு வெளியே ஒரு காலேஜ் மைதானத்தில் பெண்கள் ரக்பி போட்டி நடக்கப்போகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. போட்டி நடத்துகிறவர்களில் ஒருவர் போன் செய்தார். டவர் சரியில்லை. "...பி குரூப், முப்பத்தாறு பேர், நாலு நாள்" என்று காதில் விழுந்தது. "பக்தி குரூப்புங்களா?" என்று கேட்டேன். "ஆமாங்க, ரக்பி குரூப்" என்றார். அதுவும் எனக்குப் பக்தி என்றே கேட்டது. ரெஜிஸ்டரில் வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில் பக்தி என்று எழுதினேன். முதலாளி அவர் பங்குக்கு, கீழே இருக்கும் எங்கள் மெஸ்ஸில் நாலு நாளும் முட்டைகூட உடைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வரவேற்கக் கற்பூரத் தட்டோடு கோவிந்தனை வாசலில் நிறுத்தினார். கோவிந்தனுக்கு ஐம்பத்தைந்து வயது, இன்னும் எங்கள் ரூம் பாய்.

மதியம் இரண்டு வேன் வந்து நின்றது. ஒன்றில் ஒடிசாக்காரர்கள், இன்னொன்றில் கேரளாக்காரர்கள். விளையாடுகிற பெண்கள் காலேஜ் ஹாஸ்டலில் தங்க, அவர்களுக்காகக் கத்துவதற்கென்றே அப்பா, அம்மா, மாமன், பக்கத்து வீட்டுக்காரர் என்று கிளம்பி வந்தவர்கள் இவர்கள். ஒடிசாக் கூட்டத்துக்கு முகம் முழுக்க நீலச் சாயம், கேரளாக் கூட்டத்துக்குச் சிவப்பு, இரண்டு பக்கமும் மேளம். முன்னால் இறங்கிய நீல முகக்காரர் கற்பூரத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் முப்பத்தைந்து பேரும் வரிசையில் வந்து ஒற்றிக்கொண்டார்கள். என் கணிப்பு சரிதான் என்று நினைத்த நேரத்தில் வேனில் கட்டியிருந்த பேனரைப் பார்த்தேன். முட்டை மாதிரி ஒரு பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தாள். தட்டைக் கையில் வைத்தபடி கோவிந்தனும் பார்த்தார். "மேடம், இவங்க எந்தச் சாமிக்கு வேண்டிட்டு வந்திருக்காங்கன்னு ஒண்ணுமே புரியலைங்களே."

புகார் சொல்லப் போனவர்

முருகேசன் அண்ணன் அரூர்க்காரர், தக்காளி வியாபாரி. விடியும் முன்பே பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போய், லோடு ஏற்றிவிட்டு, பத்து மணிக்கு எங்கள் லாட்ஜுக்கு வந்து நாலு மணிவரை தூங்குவார். அந்தத் தூக்கத்தில் யார் கை வைத்தாலும் அவருக்குப் பொறுக்காது. முதல் நாளே மதியம் இரண்டு மணிக்கு மாடியில் மேளம் தொடங்கிவிட்டது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே வந்தார். "நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" என்றார். எனக்கு இந்தி தெரியாது, ஒடியாவும் தெரியாது. நீங்களே சொல்லுங்கண்ணே என்றேன்.

அரை மணி நேரம் ஆளைக் காணவில்லை. அடிதடி ஆகிவிட்டதோ என்று எழுந்தேன். அதற்குள் அவரே இறங்கி வந்தார். ஒரு கன்னத்தில் நீலச் சாயம். கையில் ஏதோ இனிப்பு. சொல்லிட்டீங்களாண்ணே என்று கேட்டேன். "சொல்லத்தாம்மா போனேன். அவங்க என்ன சொன்னாங்கன்னு தெரியல, ஆனா நாளைக்கும் வரச் சொல்லியிருக்காங்க போல."

தலையணை உறை

மறுநாள் சலவைக்குத் துணி எடுக்க லட்சுமி வந்தாள். உறைகளை உதறியவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு உறையில் நெற்றி, மூக்கு, வாய் என்று ஒரு முழு முகமே நீலத்தில் பதிந்திருந்தது. இன்னொன்றில் சிவப்பில் பாதி முகம். கறை போகுமா என்று அவளுக்குக் கவலை. அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்றும் இருந்தது. "ஏங்க மேடம், சொவத்துக்குப் பெயின்ட் அடிக்கறவங்க படுத்துக்கிட்டேவா அடிச்சாங்க?"

மாடிப்படிச் சண்டை

மூன்றாம் நாள் அரையிறுதி. ஒடிசாவும் கேரளாவும் மோதுகிற ஆட்டம். முதல் மாடியில் ஒடிசா, இரண்டாம் மாடியில் கேரளா என்று நான்தான் அறை பிரித்துக் கொடுத்திருந்தேன். காலையில் இரண்டு கூட்டமும் மாடிப்படியில் எதிரெதிரே நின்றது. மேலிருந்து ஒரு வரி கத்தினார்கள். கீழிருந்து அதைவிடச் சத்தமாக ஒரு வரி. தொடையைத் தட்டினார்கள், மார்பைத் தட்டினார்கள். கைப்பிடிக் கம்பி அதிர்ந்தது. உங்களுக்கும் இந்தப் பயம் தெரிந்திருக்கும். லாட்ஜில் அடிதடி என்றால் முதலில் விசாரணைக்குக் கூப்பிடுவது ரிசப்ஷனைத்தான். நான் ஸ்டேஷனுக்கு போன் போட்டுவிட்டேன்.

ஏட்டு ஒருவர் பைக்கில் வந்தார். இரண்டு பேருமாக மாடி ஏறினோம். அதே படியில் நீலமும் சிவப்பும் மாறி மாறி உட்கார்ந்து ஒரே பாத்திரத்திலிருந்து இட்லி எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கேரளாக்காரர் ஒருவர் ஏட்டுக்கும் ஒரு தட்டு நீட்டினார். இப்பத்தான் சார் பயங்கரமா சண்டை போட்டாங்க என்று நான் சொன்னது எனக்கே நம்பும்படியாக இல்லை. ஏட்டு நோட்டை மூடினார். "புகார் எழுதணும்னா ஒருத்தராச்சும் கோவமா இருக்கணுங்க மேடம். இங்க நீங்க ஒருத்தர்தான் கோவமா இருக்கீங்க."

பதினாலு நிமிஷம்

வந்து ஒரு ஆட்டமாவது பாருங்கள் என்று ஜோசப் என்பவர் இரண்டு நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பாலக்காட்டுக்காரர், வடக்கே லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், அந்தக் கூட்டத்திலேயே தமிழ் தெரிந்த ஒரே ஆள். மகள் லிஜி கேரளா அணியில் ஆடுகிறாள். போலீஸுக்கு போன் செய்ததற்குப் பரிகாரமாக, மேசையைக் கோவிந்தனிடம் விட்டுவிட்டு மதியம் நானும் வேனில் ஏறினேன்.

மைதானத்தில் எனக்கு ஒரு பக்கம் ஜோசப், இன்னொரு பக்கம் பிரதான். பிரதான்தான் முதல் நாள் கற்பூரத்தை ஒற்றிக்கொண்ட நீல முகக்காரர். அவர் மகள் சுமித்ரா ஒடிசாவின் வேகமான ஆள். ஆட்டம் தொடங்குமுன் ஜோசப் எனக்கு விளக்கினார். பந்தை முன்னால் கொண்டு போகவேண்டும், ஆனால் கையால் போட்டால் பின்னாலிருப்பவருக்குத்தான் போடவேண்டும். பந்து வைத்திருப்பவளைப் பிடித்துக் கீழே தள்ளலாம், அது தப்பில்லை. கழுத்தில் கை வைத்தால் தப்பு. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். எவ்வளவு நேரம் ஆடுவார்கள் என்று மட்டும் கேட்டேன். பாதிக்கு ஏழு நிமிஷம் என்றார். ஒடிசாக்காரர்கள் ரயிலில் இரண்டு நாள் வந்தது பதினாலு நிமிஷத்துக்கா என்று கேட்டேன். "பதினாலில்ல மேடம், நடுவுல ரெண்டு நிமிஷம் ரெஸ்ட் உண்டு. மொத்தம் பதினாறு."

யார் பக்கத்து ஆள்

அந்தப் பதினாறில் பன்னிரண்டாவது நிமிஷத்தில் சுமித்ரா பந்தோடு ஓடினாள். எதிரே வந்த லிஜி இடுப்பைப் பிடித்துச் சாய்த்தாள். இருவரும் விழுந்தார்கள். லிஜி எழுந்தாள். சுமித்ரா எழவில்லை. மேளம் இரண்டும் ஒரே நேரத்தில் நின்றது. பிரதான் எழுந்து நின்றார், கால் நகரவில்லை. இப்போதுதான் நிஜமான சண்டை வரப்போகிறது என்று நான் செருப்பைத் தேடினேன். ஜோசப் பிரதானின் கையைப் பிடித்து, எல்லைக் கயிற்றைத் தூக்கி, மைதானத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

சுமித்ராவுக்குக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலிருக்கும் காறை எலும்பு உடைந்திருந்தது. தமிழ் பேச ஒருவர் வேண்டும் என்று என்னையும் ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். அரசு ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்த கால் மணியில் வராந்தா முழுக்க நீலமும் சிவப்புமாக வந்து நின்றது. ஆட்டம் முடிந்ததும் சேறு அப்பிய ஜெர்சியோடு லிஜி ஓடி வந்தாள். சுமித்ராவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். புருஷனைச் சேர்த்திருந்த வத்தல்மலைக்கார அம்மா ஒருத்தர் ரொம்ப நேரம் எங்களையே பார்த்துவிட்டு, இதுல அடிச்சது யாரு பொண்ணுங்க என்று கேட்டார். லிஜியைக் காட்டினேன். "அடிபட்டது சும்மா படுத்திருக்குது, அடிச்சது அழுவுது. இது என்ன வெளையாட்டுங்க?"

லாரி பாஷை

அடுத்தது டாக்டர். சின்ன வயதுப் பெண், பொறுமையாகச் சொன்னார். எலும்பு தானாகக் கூடிவிடும், ஆறு வாரம் கையைத் தூக்கக் கூடாது, மூன்று மாசம் கழித்து விளையாடலாம். நான் அதை ஜோசப்பிடம் சொன்னேன். ஜோசப் இந்தியில் பிரதானிடம் சொன்னார். பிரதான் அப்படியே சுவரோரம் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். விரல் இடுக்கில் நீலம் வழிந்தது. நாலு மாசத்தில் அந்தப் பெண்ணுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு உடல் தகுதித் தேர்வு இருக்கிறது என்று மைதானத்துக்கு வேனில் போகும்போதே ஜோசப் சொல்லியிருந்தார். அந்த வீட்டில் முதல் சம்பளக்காரி அவளாகத்தான் இருப்பாள். நான்தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. டாக்டர் சொன்னதைத் திரும்ப ஒருமுறை கேட்டுக்கொண்டேன். சரியாகத்தான் சொல்லியிருந்தேன்.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஜோசப்பின் இந்தி முழுக்க ரோட்டில் கற்றது. எலும்புக்கு வார்த்தை கிடைக்காமல், ஆக்ஸில், அதாவது சக்கர அச்சு, போய்விட்டது, வண்டி ஆறு வாரம் ஓடாது, அதற்கப்புறம் பார்க்கலாம் என்கிற மாதிரி சொல்லியிருக்கிறார். கட்டிலில் இருந்த சுமித்ரா அதைக் கேட்டுச் சிரித்து, சிரித்ததால் வலித்து, வலியோடு இந்தியிலேயே ஏதோ சொன்னாள். பிரதான் தலையை நிமிர்த்தினார். அவள் என்ன சொன்னாள் என்று ஜோசப்பைக் கேட்டேன். அவருக்குச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. "'அப்பா, நான் லாரி இல்ல, எழுந்திரு'ன்னு சொல்றா."

தோற்றவர்களின் லட்டு

அரையிறுதியில் ஒடிசாதான் ஜெயித்திருந்தது. மறுநாள் இறுதி ஆட்டத்துக்குக் கிளம்பும்போது மாடியிலிருந்து முப்பத்தாறு பேரும் நீல முகத்தோடு இறங்கினார்கள். கேரளாக்காரர்கள் சிவப்பைக் கழுவிவிட்டு நீலம் பூசியிருந்தார்கள். நேற்று எதிரி, இன்று எப்படி நம்ம ஆள் என்று ஜோசப்பிடம் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். முப்பத்தேழாவதாக முருகேசன் அண்ணன் தூக்கத்தை விட்டுவிட்டு இரண்டு கன்னமும் நீலமாக வந்ததைப் பார்த்ததும் கேட்கவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தார்கள். வேன் பஸ் ஸ்டாண்டைத் திரும்பும்போதே மேளம் கேட்டது. கூட்டம் இறங்கியது, பாட்டு நிற்கவில்லை. கையைத் துணியால் கழுத்தோடு தூக்கிக் கட்டிய சுமித்ராவை நடுவில் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றி ஆடினார்கள். பஸ்ஸுக்கு நின்ற ஜனம் எல்லாம் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. கப்பு எங்கே என்று நான் தேடினேன். குரல் கட்டிப்போன முருகேசன் அண்ணன் மேசையில் ஒரு லட்டை வைத்தார். "ஆட்டம் புரியாம, ஜெயிச்சமா தோத்தமான்னு நானும் ஜோசப்பைக் கேட்டேம்மா. தோத்துட்டோம்னு சொல்லித்தான் இந்த லட்டைக் குடுத்தாங்க."

ஒரு பக்கம் ஒடியா

அறையைக் காலி செய்யும் காலையில் பிரதான் மேசைக்கு வந்தார். முகம் கழுவியிருந்தார். நாலு நாளில் சாயமில்லாத அவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன். ஒல்லியான, வெயிலில் காய்ந்த முகம், யாரோ புது ஆள் அறை கேட்கிறார் என்றே நினைத்தேன். கருத்து எழுதும் நோட்டை வாங்கி, நின்றபடியே ஒரு பக்கம் முழுக்க எழுதினார். நடுவில் ஒருமுறை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எழுதினார். கையெழுத்துப் போட்டு, நோட்டைத் திருப்பி என் கையில் கொடுத்து, கும்பிட்டுவிட்டு வேனில் ஏறிவிட்டார்.

எல்லாம் ஒடியா. வட்ட வட்டமாக அழகாக இருந்தது. போட்டோ எடுத்து ஜோசப்புக்கு அனுப்பினேன், அவருக்கும் அந்த எழுத்து தெரியாது. மொழி தெரிந்த யாராவது தங்க வருவார்கள் என்று காத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை. முதலாளிதான் பொறுமையில்லாமல் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாராட்டா இருந்தா ஃபிரேம் போட்டு மாட்டலாம். திட்டியிருந்தா கிழிச்சிடலாம். ரெண்டும் தெரியாம இதை நான் எங்கம்மா வைக்கறது?"

நாலு நாள் கத்திவிட்டு அவர்கள் போனால் லாட்ஜ் நிம்மதியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். இப்போது மதியம் இரண்டு மணிக்கு மாடி அமைதியாக இருந்தால், ஏதோ கோளாறு என்று நானே படியேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.