ஊர் சுற்றிக் காட்டிய இரண்டு நாள்

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தென்காசிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் சேர்ந்தேன். தைத்து வரும் பனியனில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்த்து, குறை உள்ள இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். வாய் திறக்காமல் செய்யலாம் என்பதாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்தது.

பக்கத்து மேஜையில் அயர்ன் போட்டவர் பீகார்க்காரர். எனக்கு வரும் கொஞ்சம் இந்தி அவரிடம் கற்றதுதான். ஒரு திங்கட்கிழமை காலை, நெருப்பெரிச்சல் என்ற பகுதியில் இருந்த எங்கள் கம்பெனியில் மூட்டை ஏற்றும் லிஃப்ட் கம்பி அறுந்து விழுந்தது. உள்ளே அவர் இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அவருடைய தம்பி அந்நேரம் ரயிலில் வந்துகொண்டிருந்தான். பத்தொன்பது வயது. வேலைக்கு இல்லை, அண்ணன் இருக்கும் ஊரைச் சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான்.

மாலையில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, உங்களுக்கு இந்தி வருமில்லீங்க? நாளைக்குக் காலைல ஸ்டேசன்ல அந்தப் பையனைக் கூட்டிக்குங்க. ரெண்டு நாளைக்கு ஊரைச் சுத்திக் காட்டுங்க. கம்பெனிப் பக்கமோ அவங்க ரூம் பக்கமோ வந்தரக் கூடாதுங்க."

"அண்ணன் எங்கேன்னு கேட்டா?"

"லோடோட தூத்துக்குடி ஹார்பருக்குப் போயிருக்கறார்னு சொல்லுங்க. புதன்கிழமை நாலு மணிக்கு எல்லாம் முடிஞ்சுருமுங்க. அப்பறம் நாங்களே சொல்லிக்கறோம்."

முடிவது என்றால் போஸ்ட்மார்ட்டம் முடிந்து மின்மயானத்தில் எரிப்பது. ஆள் பிடித்துத் தரும் ஏஜென்ட் ஊரிலிருக்கும் தகப்பனாரிடம் போனிலேயே சம்மதம் வாங்கியிருந்தார். ரயிலில் தனியாக வருகிறவனிடம் இப்போது சொல்லவேண்டாம், நேரில் நாங்களே சொல்கிறோம் என்று அவர் வாயையும் கட்டியிருந்தார். கூடப்பிறந்தவன் வந்து நின்றால் அவர்கள் ஊர்ப் பையன்கள் எல்லாரும் சேர்ந்து நஷ்டஈடு வேண்டும் என்று கம்பெனி கேட்டில் உட்கார்ந்துவிடுவார்கள் என்று பயம். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அதையே மேனேஜர் சரி என்று எடுத்துக்கொண்டார்.

ஸ்டேஷனில் அவனைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அண்ணனுடைய அதே நெற்றி. தெரிந்த நாலு வார்த்தையிலும் சைகையிலுமாக ஹார்பர் கதையைச் சொன்னேன். "கடலா!" என்று அவன் இந்தியில் சந்தோஷப்பட்டான். அவர்கள் வீட்டில் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லையாம்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் நடந்தோம். எங்கே போவது என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. மேம்பாலத்தில் ஏறி இறங்கினோம். நொய்யல் பாலத்தில் நின்று கறுப்புத் தண்ணீரைப் பார்த்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த ஆற்றைப் பற்றியா அண்ணன் அவ்வளவு பெருமை பேசினான்?" என்று சிரித்தான். கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுத்து அண்ணனின் வாட்ஸப்புக்கு அனுப்பினான். ஒவ்வொன்றுக்கும் ஒற்றை டிக்தான் விழுந்தது. கடலில் டவர் இருக்காது என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அன்று ராத்திரி எங்கள் வீட்டில் சாப்பிட்டான். என் மனைவி என்னை அடுப்படிக்குள் இழுத்தாள்.

"அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்து எனக்குச் சோறு வைக்க முடியலங்க. சொல்லித் தொலைங்களேன்."

"வேலை போயிரும்."

"போனாப் போவுது. செத்தவன் மூஞ்சிய அவன் பாக்க வேண்டாமா?"

நான் பாயை எடுத்துப்போய் அவனுக்கு விரித்தேன்.

புதன்கிழமை பனியன் கடைகள் இருக்கும் காதர்பேட்டைக்குப் போனோம். அண்ணனுக்கு ஒரு டீ சர்ட் வாங்கவேண்டும் என்றான். ஒன்றை எடுத்து என் நெஞ்சின்மேல் வைத்து அளவு பார்த்தான். "அண்ணனும் உங்கள் அளவுதான்." என் கை பழக்கத்தில் அதை உள்பக்கம் திருப்பிவிட்டது. அக்குளில் ஊசி ஓட்டை. வேண்டாம் என்றேன். அடுத்ததில் கழுத்துத் தையல் முறுக்கியிருந்தது. அதற்கடுத்ததில் கறை. கடைக்காரர் பொறுமை இழந்தார்.

"ஏனுங்ணா, போட்டுக்கறதுக்கு எடுக்கறீங்களா, இல்ல அமெரிக்காவுக்கு அனுப்பப் போறீங்களா?"

அவன் என்னிடம் அர்த்தம் கேட்டுச் சிரித்தான். நாலாவதாக எடுத்த நீலச் சட்டையில் ஒரு குறையும் இல்லை. தொங்கிய நூலை மட்டும் பல்லால் கடித்து எடுத்துக் கொடுத்தேன்.

அதை என் நெஞ்சில் வைத்துப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்து அனுப்பினான். இரண்டு டிக் விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் நீலமானது.

"பாருங்கள்! அண்ணன் பார்த்துவிட்டான்!" கடைத்தெருவில் குதித்தான். உடனே போன் செய்தான். ஒருமுறை மணி அடித்து யாரோ துண்டித்தார்கள். மறுபடி அடித்தபோது போன் அணைக்கப்பட்டிருந்தது. அது ஏஜென்ட் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். "ஏன் பேசமாட்டேன் என்கிறான்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

சாப்பாடு, தண்ணீர், சூடு, சீக்கிரம். கேட்டால் ஓரளவு புரியும், ஆனால் அவன் அண்ணன் எனக்குப் பேசக் கற்றுத்தந்த இந்தி இந்த மாதிரி வார்த்தைகள்தான். செத்துப்போனதற்கு என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியாது. அவன் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி, டிரைவரிடம் பெரியாஸ்பத்திரி என்றேன். எங்கே போகிறோம் என்று அவன் கேட்டான். "அண்ணன்" என்று மட்டும் சொன்னேன்.

"வந்துவிட்டானா?" என்றான். முகம் மலர்ந்துவிட்டது. வழி முழுவதும் அந்தச் சட்டையை மடியில் வைத்து மடிப்புக் கலையாமல் நீவிக்கொண்டே வந்தான். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான பாதையில் நான் போனதில்லை.

பிணவறை வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. பலகையில் இருந்த தமிழ் அவனுக்குப் புரியவில்லை. அண்ணனோடு ஒரே ரூமில் இருந்த இரண்டு பேர் ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்தபோதுதான் புரிந்தது. அவன் போட்ட சத்தத்தில் ஏஜென்ட் வண்டிக்குப் பின்னால் போய்விட்டார். நான் ஸ்கூட்டர்கள் நின்ற இடத்திலேயே நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு ஆள் வந்தார். "ஒடம்புக்குப் போட்டு விடத் துணி ஏதாச்சும் இருக்குங்களா?" ரூம்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் கையிலிருந்த சட்டைக் கவரை நீட்டினான்.

முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவன் நேராக என்னிடம் வந்தான். "உங்களுக்கு நேற்றே தெரியுமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. திரும்பிப் போய் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டான். நாலு மணிக்கே எரித்தார்கள். கேட்டில் யாரும் வந்து உட்காரவில்லை.

"உங்களை நம்பித்தானுங்க விட்டேன்" என்றார் மேனேஜர். மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றார். இப்போது பெருமாநல்லூரில் வேறொரு கம்பெனியில் இதே வேலைதான். நீலச் சட்டை மேஜைக்கு வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுகிறேன். ஏன் என்று அவர் ஒருநாள் கேட்டார். கண் கூசுகிறது என்றேன்.