இடக்கால் சப்பாத்து

எழுபதுகளின் நடுவில், நான் புலம்பெயர்ந்து வந்த நாட்டின் டண்டினொங் நகரில் தகரப் பேணி செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து இயந்திரத்தில் நின்றவர், பிரேசிலில் ஒரு சின்ன நகரத்துக்கு மேயராக இருந்தவர். முதலில் நான் நம்பவில்லை. மேயர் பேணிக்கு மூடி அடிப்பாரா? பிறகு சாப்பாட்டு அறையில் ஒரு படம் காட்டினார். மேடையில் அவர், கீழே தலை தலையாகச் சனம். நம்பினேன்.

எங்களுக்குள் பொதுவாக இருந்தது உடைந்த ஆங்கிலம்தான். அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன். மூன்று முறை மேயராக வந்தாராம். தேர்தலுக்கு முன் ஏழைகளுக்கு இடக்கால் சப்பாத்து, வென்ற பிறகு வலக்கால் சப்பாத்து என்று கொடுத்ததாகப் பத்திரிகைகள் நார் நாராகக் கிழித்தனவாம். பிறகு பட்டாளம் ஆட்சியைப் பிடித்து, பத்து வருடத்துக்கு நிற்கவும் கூடாது, வாக்குப் போடவும் கூடாது என்று அவரை ஒதுக்கிவிட்டது.

"குடுத்தது உண்மையோ?" என்று கேட்டேன்.

"உண்மைதான். ஆனால் எனக்குப் போடாதவனுக்கும் மற்றக் காலைக் குடுத்தனான். அதை ஒருத்தரும் எழுதேல்லை."

எந்தக் கள்ளனுக்குத்தான் சொல்ல ஒரு நியாயம் இல்லை என்று மனதுக்குள் சிரித்தேன். பெரிய நீதிமான் என்ற நினைப்பு எனக்கு.

அந்த வருடம் எங்கள் பகுதிக்குத் தொழிற்சங்கப் பிரதிநிதியைத் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. மனுசன் அந்தத் தேர்தலில் நின்றார். எதிரே, நெடுங்காலமாக அந்தப் பதவியில் இருந்த வெள்ளைக்காரர்.

"கூட்டாளி, வாக்குச் சீட்டைத் தொட்டுப் பத்து வருசம். இன்னும் ஒருக்கா வெல்ல வேணும். சின்னத் தேர்தல் எண்டாலும் பரவாயில்லை," என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் தன் பழைய காரில் நான் குடியிருந்த நோபல் பார்க்குக்கு வந்து என் வீட்டு வாசலில் ஹோர்ன் அடித்தார். குளிரில் பஸ்ஸுக்கு நிற்கும் கரைச்சல் விட்டது. என் மனைவிக்குத்தான் சந்தேகம்.

"அந்த மனுசனுக்குத்தானே போடப்போறியள்?"

"உமக்கென்ன விசரே? ஊரில என்ன செய்தனாங்கள்? மற்றக் கட்சிக்காரன்ர காரில ஏறிப்போய் எங்கட ஆளுக்குத்தானே போட்டனாங்கள்."

"அங்க கார் அனுப்பினவனை எங்களுக்குத் தெரியாது. இவர் எங்கட குசினிக்குள்ள இருந்து தோசை சாப்பிட்டவர்."

மனைவி சொன்னது சரி. சரியானதைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அன்றைக்கும் வந்தது.

வாக்கு நாளன்று காரின் பின்னால் இன்னும் இரண்டு தொழிலாளர்கள். எல்லாருமாகப் போய், சீட்டை மடித்து ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போட்டோம். நான் வெள்ளைக்காரருக்குப் போட்டேன். சப்பாத்துக்காரருக்கு என் வாக்கா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெல்லுகிறவனோடு நிற்பது வசதி என்பதுதான் உண்மைக் காரணம். இத்தனை காலத்துக்குப் பிறகு அதை மறைத்து என்ன?

சாப்பாட்டு அறையில் உரத்து வாசித்து எண்ணினார்கள். அவருடைய பெயர் இரண்டே இரண்டு முறை வந்தது. அவர் எழுந்து, வென்றவருக்குக் கைகொடுத்துவிட்டு, தன் இயந்திரத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை நல்ல மழை. இனி எங்கே வரப்போகிறார் என்று குடையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தால், வாசலில் அதே ஹோர்ன். மற்ற இருவரும் காரில் இல்லை. வெட்கப்பட்டு பஸ்ஸில் போயிருப்பார்கள். எனக்கு அந்த வெட்கமும் இருக்கவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

பாதி வழியில் அவர் பேசினார். "ரெண்டு வாக்கில ஒண்டு என்ர. மற்றது உன்ர எண்டு எனக்குத் தெரியும், கூட்டாளி. சாகும்வரைக்கும் மறக்கமாட்டன்."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "யெஸ்" என்று வந்தது. அந்தக் காரில் இன்னும் இரண்டு வருடம் வேலைக்குப் போனேன்.