அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா

எங்கள் பள்ளியில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான். வீட்டுப்பாடம் எழுதவில்லையா, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. பக்கத்துப் பையனைக் கிள்ளினாயா, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. தலையில் எண்ணெய் இல்லை, சட்டையில் பொத்தான் இல்லை, அதற்கும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற சாலையோரத்தில் இருக்கிறது அந்த அரசு நடுநிலைப் பள்ளி. அங்கே அப்பாக்களில் பாதிப் பேர் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள். தூக்கம் கெட்ட எரிச்சலில் வந்து நிற்கிற மனிதர், ஆசிரியர்களான எங்கள் கண்ணெதிரிலேயே பிள்ளையின் முதுகில் ஒன்று வைப்பார். "சரி சரி, விடுங்க" என்போம். விஷயம் முடிந்ததாகக் கணக்கு.

நான் வகுப்பாசிரியையாக இருந்த ஆறாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பங்குனி வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றமாட்டாள். எங்கள் பக்கம் தை மாதம் வரைக்கும் ஸ்வெட்டர் போட்டால் யாரும் ஏனென்று கேட்பதில்லை, பெங்களூர்க் குளிர் எல்லைச் செக்போஸ்ட்டைப் பார்த்து நின்றுவிடுவதில்லையே. ஆனால் பங்குனியில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும்போது, இவள் மட்டும் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவும் குழாயடியில்தான் பார்த்தேன். ஸ்வெட்டர் நனைய நனையக் கழுவிக்கொண்டிருந்தாள். அதன் கையைச் சுருட்டிவிடலாம் என்று பிடித்தேன். "முட்டொத்து டீச்சர்" என்று கத்திவிட்டாள். தொடாதீர்கள் என்று தெலுங்கில். வகுப்பில் அவள் தமிழ்தான் பேசுவாள், வலித்தபோது வீட்டு மொழி வந்துவிட்டது. மெதுவாகச் சுருட்டினேன். முழங்கைக்கு மேலே, கரண்டிக் காம்பின் அகலத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாகச் சூட்டுத் தழும்புகள். பழையவை கறுத்திருந்தன. ஒன்று இன்னும் நீர் கோத்திருந்தது.

"அடுப்புல பட்டுக்கிச்சு டீச்சர்" என்றாள்.

எந்த அடுப்பும் இப்படி வரிசை பிடித்துச் சுடாது. அவள் அம்மா விடிவதற்கு முன்பே போச்சம்பள்ளி கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறவர். அப்பாவைக் கான்ட்ராக்ட் வேலையிலிருந்து நிறுத்தி வெகுநாளாகிறது, வீட்டில்தான் இருக்கிறார். காலையில் சோறாக்குவது இந்தப் பெண். இதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

தலைமையாசிரியர் அறையில் போய்ச் சொன்னேன். குழந்தைகள் உதவி எண்ணுக்கு உடனே பேச வேண்டும் என்றேன். அவர் கெட்டவர் அல்ல, அதுதான் எரிச்சலே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டாவது போகலாம்.

"மேடம், அவசரப்படாதீங்க. அப்பாதான் வச்சாருன்னு நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல சார். சந்தேகந்தான்."

"அப்ப சந்தேகத்த வச்சிக்கினு போலீசு, கோர்ட்டுன்னு யாரு அலையறது? நாளைக்கி அந்தாளு வந்து ஸ்கூல் முன்னாடி கத்துனா?"

பக்கத்தில் கணக்கு ஆசிரியை சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "சூடுதான டீச்சர். எங்க ஊட்ல கூட எனக்கு வச்சிருக்காங்க. நான் நல்லா தான இருக்கேன்?"

அவர் நன்றாக இருக்கிறார் என்பதில் எனக்கு அன்றைக்குப் பெரிய சந்தேகம் வந்தது.

சந்தேகம் வந்தாலே சொல்லிவிடுங்கள், நிரூபிப்பது உங்கள் வேலையில்லை என்று பயிற்சி வகுப்பில் தொண்டை கிழியச் சொல்லி அனுப்புகிறார்கள். நாங்களும் தலையாட்டி, டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டு, பஸ் பிடித்து வந்துவிடுகிறோம். பாலியல் கொடுமை என்றால், தெரிந்தும் சொல்லாதவர்களுக்கே தண்டனை உண்டு. அந்தப் பயத்திலாவது நாலு பேர் வாயைத் திறப்பார்கள். சூடு வைத்தால்? கையை முறித்தால்? பட்டினி போட்டால்? அங்கே வந்ததும் எல்லாம் அவரவர் மனசாட்சி என்றாகிவிடுகிறது. மனசாட்சிக்கு எங்கள் பள்ளியில் மதியம் தூக்கம் வரும். பிள்ளைகளோடு வேலை செய்கிற ஒவ்வொருவரும் சொல்லியே ஆக வேண்டும், மேலதிகாரியின் அனுமதியைக் கேட்டு நிற்கக் கூடாது, சொன்னவரை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று கறாராக ஒரு சட்டம் எழுத இத்தனை யோசனை எதற்கு? எனக்குப் புரியவில்லை.

உதவி எண்ணைப் பாடப்புத்தகத்தின் அட்டையிலேயே அச்சடித்துத் தருகிறார்கள். நாங்கள் என்ன செய்கிறோம்? புத்தகம் கைக்கு வந்த முதல் வாரமே பழுப்புத்தாள் வாங்கி அட்டை போட்டு, லேபிள் ஒட்டிக் கொண்டுவரச் சொல்கிறோம். அட்டை போடாத பிள்ளைக்கு மருந்து என்ன? அதேதான்.

மதியம் பேசி முடித்ததும் தலைமையாசிரியர் கடைசி மணி வரைக்கும் பொறுத்திருந்தால் நான் அவளிடம் பேசியிருப்பேன். அவர் பொறுக்கவில்லை. என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, இடைவேளையில் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "நாளைக்கி உங்கப்பாவ கூட்டிக்கினு வாம்மா. டீச்சரு உன் கைய பத்திப் பேசணுமாம்."

யார் சூடு வைத்தாரோ அவரிடமே, சூடு வாங்கியவள் கையில் தகவல் கொடுத்து அனுப்புகிறார்கள்! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பள்ளி விட்டதும் அவளைத் தேடி ஓடினேன், அதற்குள் போய்விட்டிருந்தாள். பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே உதவி எண்ணுக்கு அடித்தேன். லாரிச் சத்தத்தில் எல்லாவற்றையும் இரண்டு இரண்டு தடவை கத்த வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். காலையில் ஆள் வரும் என்றார்கள். அன்றைய இரவு அவள் வீட்டில் என்ன நடக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆட்கள் வருவதற்கு முன்பே அப்பா வந்துவிட்டார். எண்ணெய் வைத்து வாரிய தலை, வெள்ளைச் சட்டை, வாய் நிறைய சார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்திருந்தார்கள். "பொம்பளப் புள்ள சார், கண்டிக்கணும்ல" என்றார். தலைமையாசிரியரும் ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகுதான் அந்த மனிதர் வந்த காரியத்தைச் சொன்னார். பெண்ணைக் கர்நாடகாவில் இருக்கும் தன் அக்கா வீட்டில் விடப் போகிறாராம், டிசி வேண்டுமாம்.

தலைமையாசிரியர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "எழுதிக் குடுத்துடலாம் மேடம். நம்ம தலவலி போச்சு" என்று என் காதில் சொன்னார்.

நம் தலைவலி எல்லை தாண்டிப் போய்விடும். அந்தக் கை? அங்கே யார் ஸ்வெட்டரைச் சுருட்டிப் பார்க்கப் போகிறார்கள்? "ஒரு பரீட்சை பாக்கி இருக்குது, முடிச்சிட்டு அனுப்பறேன்" என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லி, அவளை வகுப்புக்குள் உட்காரவைத்தேன். நிஜமாகவே ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தேன். அவளும் நிஜமாகவே எழுதினாள். எல்லாவற்றுக்கும் சரியான விடை.

பாதிப் பரீட்சையில் உதவி எண் ஆட்கள் வந்தார்கள். வந்த அம்மாள் அவளை ஆளில்லாத அறிவியல் அறைக்குக் கூட்டிப் போனார். என் முந்தானையை விடமாட்டேன் என்றாள், அதனால் நானும் போனேன். தலைமையாசிரியர் கதவருகில் நின்றார். அந்த அம்மாள் அவசரப்படவில்லை. ஸ்வெட்டரின் பொத்தானை அவளையே கழற்றச் சொன்னார். பார்த்தார். பிறகு கேட்டார், "இத்தன நாளா ஏம்மா யாருகிட்டயும் சொல்லல? டீச்சருங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

அவள் என்னையும் பார்த்தாள், கதவருகில் நின்றவரையும் பார்த்தாள்.

"சொன்னா அப்பாவ கூட்டிக்கினு வரச் சொல்வாங்க."

 

மாலையில் அவள் அம்மா கம்பெனி யூனிபார்மோடு வந்து என்னைத் திட்டினார். "எங்க ஊட்டு விசயத்த ஏன் டீச்சர் ரோட்டுக்குக் கொண்டாந்தீங்க?" திட்டித் தீர்த்த பிறகு படியில் உட்கார்ந்து அழுதார். குழந்தைகள் நலக் குழு அப்பா, அம்மா இருவரையும் விசாரித்து, பெண்ணை அம்மாவின் தங்கையிடம் ஒப்படைத்தது. பாரூர் பக்கம், ஏரிக்குக் கிட்டே வீடு. அங்கே இப்போது ஏழாவது படிக்கிறாள். சித்தி போனில் பேசவைத்தார். "டீச்சர், நான் அரைக்கை சட்டை போட்டிருக்கேன்" என்றாள். எனக்கு அது போதும்.

போன வாரம் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வகுப்பிலிருந்து கணக்கு ஆசிரியையின் குரல் கேட்டது. "அழுவாத. என்னா கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டியா? நாளைக்கி உங்கப்பாவ கூட்டிக்கினு வந்தாத்தான் உள்ள வுடுவேன்."

சாக்பீஸை வைத்துவிட்டு அந்த வகுப்புக்குப் போனேன்.