கிளட்ச்சில் வைத்த கால்

ஆயுத பூஜை வந்தாலே எனக்கு அலுப்பு வந்துவிடும். திருவொற்றியூரில் நான் டிரெய்லர் ஓட்டும் கன்டெய்னர் யார்டில் அன்றைக்குக் காலையிலிருந்தே வண்டிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டுவார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அது நசுங்கும்படி வண்டியை முன்னால் ஏற்ற வேண்டும். நான் ஏசப்பாவை ஏற்றுக்கொண்டவன், என்னால் அது முடியாது. இதை ஒவ்வொரு வருஷமும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள், அதுதான் அலுப்பு.

யார்டில் எனக்குப் பெயரே அல்லேலூயாதான். பொரிப் பொட்டலத்தை நீட்டி, "வாங்கினா உன் சாமி கோச்சிக்குமா?" என்பார்கள். சபைக்குப் போனால் போதகர், "பொட்டு வெச்ச வண்டியில உக்காந்து எப்படிப்பா ஜெபம் பண்றீங்க?" என்பார். இங்கேயும் சேர்த்தியில்லை, அங்கேயும் சேர்த்தியில்லை. பண்டிகை நாளில் எங்கள் தெருவில் என் வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருக்கும்.

இத்தனை வருஷம் என்னைக் காப்பாற்றியவன் என் தோஸ்து. கொருக்குப்பேட்டைக்காரன், அதே யார்டில் டிரைவர், அம்மன் கோயிலில் வருஷம் தவறாமல் தீ மிதிப்பவன். பூஜை நேரம் வந்ததும், "நீ போய் டீ குடிச்சிகினு வா மாமு" என்பான். போவேன். திரும்பி வரும்போது என் வண்டி இரண்டடி முன்னால் நிற்கும். அவனும் அதைப் பேசமாட்டான், நானும் கேட்கமாட்டேன். முதலாளியும் கண்டுகொள்ளமாட்டார்.

போன வருஷம் சர்க்கரை முற்றி அவனுடைய இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதோடு அவன் வேலை போயிற்று. என் வண்டியும் நேரம் பார்த்து மணலி ரோட்டில் அடிக்கடி பழுதாகி நின்றது. இந்த வருஷம் பூஜையன்று, வண்டிக்குத் தோஷம் என்று முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"பழம் ஏத்தாம உன் வண்டி கேட்ட தாண்டாது. ஏத்து, இல்ல சாவிய வெச்சிட்டுப் போ."

இந்த வயதில் எனக்கு யார் வேலை தருவார்கள்? எனக்குப் பதிலாக ஏற்றச் சொல்லி மற்ற டிரைவர்களைக் கெஞ்சிப் பார்த்தேன். அல்லேலூயா என்ன செய்கிறான் பார்க்கலாம் என்று வேடிக்கை பார்க்க நின்றார்களே தவிர ஒருவனும் வரவில்லை. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், விசுவாசத்தால் அல்ல, களைப்பால்தான் சாவியைக் கொடுத்துவிட நினைத்தேன்.

அப்போது கேட்டுக்குள் ஒரு ஆட்டோ வந்தது. பூஜை நாள் அவனுக்கு மறந்துபோகுமா என்ன. அக்குள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு என் தோஸ்து இறங்கினான்.

"இன்னா மாமு, மூஞ்சிய தொங்கப் போட்டுகினு நிக்கிற? போய் டீ குடி."

நாலு பேர் தூக்கி அவனை ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். எஞ்சினைப் போட்டான். அதற்கப்புறம்தான் அவனுக்கும் எனக்கும் உறைத்தது, கிளட்ச் மிதிக்க இடது கால் வேண்டும்.

பக்கத்து சீட்டைத் தட்டினான். பிறகு, "ஏறு" என்றான். ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கால மட்டும் குடு."

காலை நீட்டிக் கிளட்ச்சை மிதித்தேன். அவன் கியர் போட்டான். "மெதுவா வுடு" என்றான், விட்டேன். நின்ற வண்டியை நகர்த்துவது கிளட்ச்சை விடுகிற கால்தான். எந்த டிரைவருக்கும் இது தெரியும், அவனுக்கும் தெரியும். பழம் நசுங்கியது. வெளியே கைதட்டினார்கள்.

"உன் சாமி கேட்டா, ஓட்னது அவன், நான் சொம்மா காலு வெச்சிகினு இருந்தேன்னு சொல்லு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமும் இருந்தது, அவன்மேல் இருந்த பிரியமும் இருந்தது.

எஞ்சினை அணைத்தான். ஆனால் இறங்கவில்லை. வலது காலிலிருந்து செருப்பைத் தள்ளிவிட்டுக் காட்டினான். கட்டைவிரல் கறுத்திருந்தது.

"வூட்ல யாருக்கும் தெரியாது. இதுக்காவது உன் சாமிகிட்ட சொல்லேன் மாமு."

குங்குமம் வைத்த ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து, அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்தேன். எப்போது ஆமென் சொல்வதென்று தெரியாமல் அவன் கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருந்தான். எனக்கும் முடிக்க மனம் வரவில்லை.