புல்லு மருந்துத் தோங்கில் வந்த தண்ணீர்

எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பட்டமும் வாங்கினேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. சுங்கைப் பட்டாணியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். ஆலைக் கழிவுநீரில் மீன்குஞ்சுகளையும் நீர்த்தெள்ளுகளையும் விட்டு, எவை பிழைக்கின்றன என்று பார்க்க வேண்டும். நீர்த்தெள்ளு கடுகைவிடச் சிறியது. துள்ளித் துள்ளி நீந்தும். கெட்ட தண்ணீரில் பெரும்பாலும் மீனுக்கு முன்னால் அதுதான் அடங்கும். வீட்டில், “காசு குடுத்து மீனக் கொல்லச் சொல்றாங்களாம்” என்று கேலி செய்வார்கள்.

சித்தப்பா தோட்ட வேலையை விட்ட பிறகு சுங்கை லாலாங் பக்கம் ஓடையோரம் குளம் வெட்டி, ஓடைத் தண்ணீரை விட்டுத் திலாப்பியா வளர்த்தார். இரண்டு முறை மீன் மொத்தமும் செத்து மிதந்தது. ஓடைக்கு மேலே ஓர் ஆலை இருக்கிறது. புகார் கொடுக்கப் போனால், ஆதாரம் எங்கே என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். ஆதாரம் கிடைத்து அந்த ஆலையை நிறுத்தினால் ஒழிய இனிக் குஞ்சு வாங்குவதில்லை என்று சித்தியும் அவரும் முடிவு செய்திருந்தார்கள்.

ஓடைத் தண்ணீரைச் சோதிக்க ஆய்வுக்கூடத்தில் கெஞ்சி அனுமதி வாங்கினேன். சுத்தம் செய்த கண்ணாடிப் பாட்டில்களைச் சித்தப்பாவிடம் கொடுத்து, ஓடை நாறும் அன்றைக்கே தண்ணீர் பிடித்து வரச் சொன்னேன்.

ஒருநாள் காலை அவரும் சித்தியும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். சித்தியின் மடியில் ஒரு வெள்ளைத் தோங், மூடி போட்ட பிளாஸ்டிக் கேன்.

“பாட்டில் எங்க சித்தப்பா?”

“அது கண்ணாடிம்மா, மோட்டார்ல ஒடைஞ்சிரும். அதுவும் இத்துனூண்டு. ஆபீஸ்காரன் இவ்ளோதானான்னு கேப்பான்லா.”

“ஒடையுறதாவது!” என்றார் சித்தி. “சாமி மேடையில வெச்சு பூப் போட்டிருக்காரு. நம்ம புள்ளயோட லேப்பு பாட்டிலாம்.”

மூடியைத் திறந்தேன். ஓடையின் நாற்றத்துக்கு அடியில் எனக்குத் தெரிந்த இன்னொரு வாடை இருந்தது.

“இதுல முன்ன என்ன இருந்துச்சு?”

“புல்லு மருந்து, தோட்டத்துல களைக்கு அடிக்கிறது. பயப்படாத, சோப்பு போட்டு நல்லா கழுவிட்டேன். தோட்டத்துல நம்ம வீட்ல தண்ணி புடிச்சதே இந்த மாதிரி தோங்லதான். நீ சின்னப் புள்ளையில குளிச்சதும் அதுலதான்.”

அது உண்மை.

தோங்கை ஆய்வுக்கூடத்தில் வைத்துவிட்டு, உடனே அவர்களுக்குப் பின்னாலேயே ஓடைக்குப் போனேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. போய்ச் சேர்ந்தபோது ஓடை கரை தொட்டு ஓடியது, நாற்றம் இல்லை. சாமி மேடையிலிருந்த பாட்டில்களை எடுத்து வந்து நானே நிரப்பினேன்.

தோங் தண்ணீரில் விட்ட தெள்ளுகள் சாயங்காலத்துக்குள் அடியில் படிந்துவிட்டன. உடன் வேலை செய்யும் மலாய்க்கார அக்கா தோங்கை முகர்ந்து பார்த்தார். என்னைத் தங்கை என்ற பொருளில் ‘அடிக்’ என்றுதான் கூப்பிடுவார். “அடிக், இத வெறும் தண்ணியில அலசி, அந்தத் தண்ணியில தெள்ளு விட்டுப் பாரேன்” என்றார். விட்டேன். அவையும் செத்தன. கொன்றது ஓடையா தோங்கா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பாட்டில் தண்ணீரில் மட்டும் தெள்ளுகளும் மீன்குஞ்சுகளும் கடைசி நாள்வரை நீந்திக்கொண்டிருந்தன.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நான் கடைசியில் சொன்னதை மட்டும் சித்தப்பா பிடித்துக்கொண்டார்.

“அப்ப தண்ணி நல்லாத்தான் இருக்கு.”

“இல்ல சித்தப்பா, அது மழைத் தண்ணி. அன்னிக்கு வந்தது ஓடிப்போச்சு.”

“நீயே புடிச்ச, நீயே பாத்த. உசுரோட இருக்குன்னு நீதானம்மா சொன்ன?” சித்தி பக்கம் திரும்பினார். “தீனியிலதான் ஏதோ கோளாறு. நாந்தான் தப்பு பண்ணிட்டேன். படிச்ச புள்ள லேப்ல வெச்சுப் பாத்துட்டு சொல்லுது, அப்பறம் என்னா?”

மறுபடியும் விளக்கினேன். சிரித்துக்கொண்டே கேட்டார். என் படிப்பை அவர் நம்பிய அளவுக்கு நான் சொன்னதை நம்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை என்னை வரச் சொல்லியிருந்தார். காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளில் குஞ்சுகள் குளத்தில் மிதந்துகொண்டிருந்தன. கரையில் நின்ற சித்தியின் கழுத்தில் தாலிச் சங்கிலி இல்லை, மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது.

“நீயே அவுத்து வுடும்மா, ஒன் கையால.”

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் பையை என் கையில் கொடுத்துவிட்டார். ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பையைச் சாய்த்தேன். குஞ்சுகள் கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போயின.