‘எல்லாம் சரி’ என்று எழுதிய சனிக்கிழமை

போன ஆண்டு, 2002. செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு வெளியே, ஷேர் ஆட்டோவில் ஏழாவது ஆளாக மடங்கி உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. ஓர் ஆட்டோவின் செலவை ஏழு பேர் பங்கு போட்டுக்கொள்ள முடியும் என்றால், ஒரு விமானத்தின் செலவை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்ள முடியாதா?

சிரிக்காதீர்கள். இன்ஜினீயரிங் முடித்து முதல் வேலையில் இருந்தேன். சம்பளத்தையெல்லாம் விமானப் பயிற்சியில் கரைத்து, ஓட்டுவதற்கு உரிமமும் வாங்கியிருந்தேன். எங்கள் பக்கத்தில் லாரித் தொழில் செய்யும் ஒருவரிடம் இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று இருந்தது. அவர் நிலத்திலேயே மண் ஓடுதளமும் தகரக் கொட்டகையும் உண்டு. செலவைத் தனியாளாகச் சமாளிக்க முடியாமல் விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு விடாமல் என் திட்டத்தைச் சொன்னேன்.

“இன்னா தம்பி, ஏரோப்ளேனையும் ஷேர் ஆட்டோ ஆக்கிட்டியே!” என்று சிரித்தார். ஆனால் ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது பங்குக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்த, விமானம் ஓட்டத் தெரிந்த ஒருவர் வந்தார். “மகாபலிபுரத்தோட திரும்பிடு தம்பி. எங்க ஆபீஸ் மேல போனா, என்னைத்தான் கூப்ட்டு வெச்சி கேப்பானுங்க” என்பார்.

கொட்டகைச் சுவரில் ஒரு நோட்டு தொங்கும். ஓட்டிவிட்டு இறங்குபவர், கண்ணில் பட்ட சின்னக் குறையைக்கூட அதில் எழுத வேண்டும். எழுதிவிட்டால், மூன்று பேரும் சேர்ந்து பார்க்கும்வரை யாரும் விமானத்தை எடுக்கக் கூடாது. ஒருவரையொருவர் அதிகம் தெரியாத நாங்கள், அந்த ஒரு விதியை நம்பித்தான் ஏறினோம்.

இந்த ஆண்டு மார்ச்சில் ஒரு சனிக்கிழமை என் முறை. இறங்கும்போது குறுக்குக் காற்று தள்ளியது. இடது சக்கரம் தரையில் மோதி எகிறியது. ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. நிறுத்தி இறங்கிக் குனிந்து பார்த்தேன்; எதுவும் தெரியவில்லை. மறுநாள் டெக்னீஷியன் தன் மனைவியை முதல்முறையாகக் கூட்டிக்கொண்டு பறப்பதாக இருந்தார். எழுதினால் அது கெடும். அதைவிட, மூவரில் சின்னவன் மோசமாக இறக்கினான் என்பது தெரிந்துவிடும். ‘எல்லாம் சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

காலையில் மனசு கேட்கவில்லை. வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். நான் போய்ச் சேரும்போது விமானம் தரையை விட்டு எழும்பிக்கொண்டிருந்தது. இடது சக்கரம் ஒடிந்த கிளை மாதிரித் தொங்கியது.

லாரிக்காரர் கொட்டகையிலிருந்து மாற்றுச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஓடுதளத்தின் நடுவில் நின்று தலைக்கு மேலே பிடித்தார். விமானம் தாழ்ந்து வந்து எங்களைக் கடந்தது. டெக்னீஷியன் எட்டிப் பார்த்தார், சக்கரம் உடைந்திருப்பதைப் புரிந்துகொண்டார். இறங்கும்போது தீப்பிடிக்காமலிருக்க, பெட்ரோல் குறையட்டும் என்று முக்கால் மணி நேரம் சுற்றினார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து இருக்கையில் பூப்போட்ட புடவை ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் தெரிந்து மறைந்தது.

ஒற்றைச் சக்கரத்தில் இறக்கினார். இறக்கை மண்ணைக் கிழித்து விமானம் சுழன்று நின்றது. அவருக்குக் காயமில்லை. அந்த அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்தது.

“நேத்தே தெரியுமா உனக்கு?” என்று டெக்னீஷியன் கேட்டார்.

“தெரியும்ணே.”

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அக்காதான் பேசினார். “நோட்டுல எழுதியிருந்தா அடுத்த ஞாயித்துக்கெழம வந்திருப்பேன். அவ்ளோதானே தம்பி?”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என் பங்கை விட்டுவிடுகிறேன் என்றேன். லாரிக்காரர் ஒரு பார்வை பார்த்தார். “நீ பாட்டுக்குப் போயிட்டா? ஒடைச்சத யாரு கட்றது? ஸ்பேனர எடு.” ஏழு மாதம், விடுமுறை நாட்களிலெல்லாம், விவரம் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குக் கீழே மூவரும் வேலை செய்தோம். டெக்னீஷியன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். போன வாரம் அவராகவே ஒரு புது விதியைச் சொன்னார்: கடைசியாக ஓட்டியவன், அடுத்தவர் கிளம்பும்போது பக்கத்தில் ஏறி ஒரு சுற்று வர வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதலில் நான் தனியாக ஓட்டி இறக்குகிறேன். அடுத்தது அவர். நான் இறக்கிய சக்கரங்களின் மேல், அவர் பக்கத்தில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்காரப் போகிறேன். செலவைப் பங்கு போட ஒரு நிமிடத்தில் யோசனை வந்துவிட்டது, பயத்தைப் பங்கு போட வேண்டும் என்று தெரிய எனக்கு இவ்வளவு நாளாகியிருக்கிறது.