பர்லாங்குக் கல்லின் மேல் நின்றவர்

கஞ்சித் தூக்கைத் தலையில் வைத்து, துண்டால் மோவாயோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொள்கிறார் கன்னியப்பன். ஊன்றி நடக்கும் மூங்கில் கழியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்கிறார். பிறகு உட்கார்ந்த வாக்கிலேயே கரைச் சரிவில் நகர்ந்து சாலவாக்கம் ஏரிக்குள் இறங்குகிறார். அதுவரை ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்த உடம்பு நேராகிறது. கழி மட்டும் பின்னால் மிதந்துகொண்டே போகிறது.

அவருடைய வேலை அக்கரையில், ரோட்டோரத்தில் ஜல்லி உடைப்பது. "கரைமேல நடந்தா ஒரு மணி ஆவும் சார். தண்ணியில எவன் என் காலெப் பாக்கறான்?" என்கிறார், அவரைப் பற்றி எழுத வந்த என்னிடம்.

வலது கால் மூன்று வயதுக் காய்ச்சலில் சூம்பிப் போனது. இப்போது முப்பத்தெட்டு வயது. இடுப்புக்குக் கீழே ஒரு சிறுவனைப் போலவும் மேலே ஒரு பயில்வானைப் போலவும் இருக்கிறார். இருபது வருஷம் உட்கார்ந்தபடியே சம்மட்டி பிடித்த தோள்கள். பேச்சு குறைவு. யாராவது கை கொடுத்துத் தூக்க வந்தால், "வுடு, வுடு" என்று விலக்கிவிடுவார்.

ரோடு ஓவர்சியர் லோகநாதன் ஒரு நாள் இவர் ஏரியைக் கடந்து வருவதைப் பார்த்திருக்கிறார். ஐம்பத்தைந்தாம் வருஷம் உத்திரமேரூரில் நடந்த தாலுகா நீச்சல் போட்டிக்கு அவரே இவர் பெயரைக் கொடுத்தார். அதில் கன்னியப்பன் முதலாவதாக வந்தார். அடுத்த வருஷம் செங்கல்பட்டில் நடந்த ஜில்லாப் போட்டியிலும் அவர்தான் முதல். இரண்டும் ஏரியில் நடந்தவை. இடுப்பளவுத் தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று புறப்பட்டால் போதும்.

சென்னையில் நடந்த ராஜ்யப் போட்டி சிமெண்டுக் குளத்தில். விளிம்பில் ஒரு மேடை. அதன் மேல் நின்றுதான் பாய வேண்டும். கழியோடு ஏறியவரை நடுவர் தடுத்தார்.

"கட்டையை விட்டுட்டு நில்லுப்பா."

கழியை விட்டார். விசிலுக்கு முன்பே குளத்தில் விழுந்தார். மறுபடி ஏறினார், மறுபடியும் விழுந்தார். நிற்க முடியாதவருக்கு விதியில் இடமில்லை என்று சொல்லிப் பெயரை அடித்துவிட்டார்கள். மற்றவர்கள் நீந்தியதைக் கடைசி வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு ஊர் திரும்பினார்.

"இன்னாயா ஆச்சு?" என்று கேட்டாள் மனைவி சிட்டம்மாள்.

"நிக்கச் சொன்னாங்க."

மறுநாள் வேலைக்கு நடுவே ரோட்டோரத்தில் தூரம் காட்டும் பர்லாங்குக் கல்லைப் பிடித்து ஏறி, இடது காலில் நிற்கப் பார்த்தார். விழுந்தார். மோவாயில் இன்றும் இருக்கும் தழும்பு அன்று வந்தது. கூட வேலை செய்தவர்கள், "இன்னா கன்னியப்பா, தவசா பண்ணிக்கினு கீற?" என்று சிரித்தார்கள். சிட்டம்மாள் சிரிக்கவில்லை. ஜல்லிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். தினமும் பிடித்தாள். சில மாதங்களில் அது ஒரு விரல் தாங்கலாகக் குறைந்தது. ஆடி மாதக் காற்றில் ஒரு நாள் விரலையும் எடுத்துவிட்டாள். "எடுத்துட்டேன்னு சொல்லவே இல்ல சார். ரெண்டு லாரி போச்சு. அப்பவும் நின்னுக்கினேதான் இருந்தாரு" என்கிறாள்.

அடுத்த வருஷம் சென்னையில் ஒற்றைக் காலில் நின்றார். நூறு மீட்டரில் மூன்றாவது இடம். ஐம்பத்தெட்டில், அதே குளத்தில், முதல் இடம். சுவரைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தபோது பக்கத்துத் தடத்தில் யாரும் இல்லையாம். "தப்பான எடத்துக்கு வந்துட்டேன்னு நென்ச்சிக்கினேன்" என்கிறார். எல்லோரும் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

முதலாவதாக வந்தவர்தான் அகில இந்தியப் போட்டிக்குப் போக வேண்டும். போவதற்கு முன் டாக்டர் சோதனை இருந்தது. டாக்டர் நாடாவால் இரண்டு கால்களையும் அளந்தார். தாளில் ஏதோ எழுதினார். துணைக்குப் போயிருந்த லோகநாதன் அதை வாங்கிப் படித்தார்.

"இன்னா சார் போட்டுக்கீது?"

"தகுதி இல்லையாம் கன்னியப்பா."

லோகநாதன் வாதாடினார். இவர்தானே முதலில் வந்தார், கடிகாரம் வைத்துத்தானே பார்த்தீர்கள் என்று கேட்டார். டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "அத்தனை ராஜ்யத்துக்காரங்க முன்னாடி நம்ம சார்பா இப்படி ஒருத்தரை நிறுத்தினா நல்லாவா இருக்கும்? நீங்களே சொல்லுங்க" என்றார்.

இரண்டாவதாக வந்த காலேஜ் மாணவன் தேவராஜன் ரயில் ஏறினான். அவனைப் பற்றிக் கேட்டேன். "நல்லாத்தான் அடிப்பான் சார், பாவம். அவன் இன்னா பண்ணுவான்?" என்றார் கன்னியப்பன். அதற்குப் பிறகு ஆறு வருஷமாக எந்தப் போட்டிக்கும் அவர் பெயர் கொடுக்கவில்லை. லோகநாதன் மாற்றலாகிப் போகும் முன் இருமுறை வந்து கேட்டார். "வாணாம் சார்" என்றுவிட்டார்.

சாயங்காலம் ஜல்லிக் குவியலுக்கு அளவு போட்டு முடிந்ததும் அவர் அக்கரையிலிருந்து திரும்பும் நேரம். தலையில் பாரம் இல்லை. நான் இக்கரைப் படியில் முன்பே வந்து உட்கார்ந்திருந்தேன். எழுதப்போகும் கட்டுரையில் போட ஒரு கணக்கு வேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் தண்ணீரில் இறங்கிய நொடியைக் கைக்கடிகாரத்தில் குறித்துக்கொண்டேன். முகத்தைத் தண்ணீருக்குள் புதைத்துக்கொண்டு வந்தார். நடு ஏரியில் வேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. இத்தனை வேகம் எதற்கு, வீட்டுக்குப் போகத்தானே என்று தோன்றியது.

படியைப் பிடித்து, மூச்சு வாங்கத் தலையைத் தூக்கினார். நான் மணிக்கட்டைத் திருப்பி முள்ளைப் பார்ப்பது அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"பதினோரு..." என்று ஆரம்பித்தேன்.

தண்ணீரிலிருந்து வலது கை மேலே வந்தது. காய்ப்பேறிய அந்த ஈரக் கை என் கடிகாரத்தை மணிக்கட்டோடு சேர்த்து மூடிக்கொண்டது. மூச்சு அடங்கிய பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.